கருக்கலைப்புச் சட்டத்துக்கு வித்திட்ட தமிழ்நாட்டு எம்.பி.: யார் இந்த டாக்டர் எஸ்.சந்திரசேகர்? ஐந்தாம் மாத ஸ்கேனில் குறை தெரிந்தால் இன்றைக்கு என்ன வழி?

ராசிபுரம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் சேலத்துக்கு ஐந்தாம் மாத ஸ்கேன் எடுக்க வருது என்று வைத்துக்கொள்வோம். கணவர் லாரி ஓட்டுபவர். லோடை வேறொருத்தரிடம் கொடுத்துவிட்டு மனைவியோடு வந்திருக்கிறார். மாமியாரும் கூட வந்திருக்கிறார். பத்து நிமிஷத்தில் முடிய வேண்டிய ஸ்கேன் அரை மணி நேரம் இழுக்குது. டாக்டர் பேச்சைக் குறைத்துக்கொள்கிறார். கடைசியில் குழந்தையின் தலை ஓடு சரியாக உருவாகவில்லை, பிறந்தாலும் பிழைக்காது என்று தெரியவருது.

அந்த நிமிஷத்திலிருந்து அந்தப் பெண்ணுக்கு முன்னால் வரிசையாகக் கேள்விகள் நிற்கும். கர்ப்பத்தைத் தொடர்வதா, நிறுத்துவதா? நிறுத்தினால் சட்டப்படி தப்பா? மாத்திரையா, ஆபரேஷனா? யார் கையெழுத்து போடணும்? எத்தனை நாள் இருக்கு?

இதில் பல கேள்விகளுக்கு ஒரு இந்தியச் சட்டம் பதில் சொல்லுது. மருத்துவ முறையில் கர்ப்பத்தை முடிவுக்குக் கொண்டுவரும் சட்டம், 1971. இந்தச் சட்டத்தின் மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தபோது அந்தத் துறையில் இணை அமைச்சராக இருந்தவர் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு மாநிலங்களவை உறுப்பினர். பெயர் ஸ்ரீபதி சந்திரசேகர். ஒரு காலத்தில் உலகப் பத்திரிகைகளில் அடிக்கடி அடிபட்ட பெயர். இன்றைக்கு அவரைத் தெரிந்தவர்கள் குறைவு. அவர் யார், அவர் துறை கொண்டுவந்த சட்டம் இன்றைக்கு சேலம், நாமக்கல் பெண்ணுக்கு எப்படி உதவுது, எங்கே கைவிடுது? விரிவாகப் பார்க்கலாம்.

எந்தச் சந்திரசேகர்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். எஸ்.சந்திரசேகர் என்று தேடினால் நோபல் பரிசு வாங்கிய விண்வெளி இயற்பியலாளர்தான் முதலில் வருவார். அவர் வேறு, இவர் வேறு. இரண்டு பேரும் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர்கள் என்பது மட்டும் ஒற்றுமை. அவர் நட்சத்திரங்களைக் கணக்குப் போட்டார். இவர் மனுஷங்களைக் கணக்குப் போட்டார்.

ஸ்ரீபதி சந்திரசேகர் 1918 நவம்பர் 22-ல் ராஜமுந்திரியில் பிறந்தார். அன்றைக்கு அது சென்னை மாகாணத்தில் இருந்தது. வேலூர் ஊரிஸ் கல்லூரியில் படித்தார். பிறகு சென்னை மாநிலக் கல்லூரி. அங்கிருந்து அமெரிக்கா போய் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். பெயருக்கு முன்னால் இருக்கும் டாக்டர் அப்படி வந்ததுதான். ஊசி போடும் டாக்டர் இல்லை, பொருளாதாரமும் மக்கள்தொகையும் படித்த டாக்டர்.

அமெரிக்கப் பெண்ணான ஆன் டவுன்ஸைத் திருமணம் செய்தார். மூன்று பெண் குழந்தைகள். சென்னையில் மக்கள்தொகை ஆய்வுக்கென்றே ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். பரோடாவில் பேராசிரியராக இருந்தார். குழந்தை இறப்பு, பசி, இடப்பெயர்வு என்று தொடர்ந்து எழுதினார்.

எண்கள் பயமுறுத்திய காலம்

அவர் ஏன் அப்படி ஓடினார் என்று புரிய அந்தக் காலத்தைக் கொஞ்சம் பார்க்கணும். 1951 கணக்கெடுப்பில் இந்திய மக்கள்தொகை 36 கோடி. 1961-ல் 44 கோடிக்குப் பக்கம். 1965, 66-ல் அடுத்தடுத்து மழை பொய்த்தது. அமெரிக்கக் கப்பலில் வரும் கோதுமைக்கு நாடு காத்திருந்தது. ரேஷன் கடை வரிசையில் நின்ற தாத்தா பாட்டிகளுக்கு அது இன்னும் ஞாபகம் இருக்கும்.

1952-லேயே அரசுத் திட்டமாகக் குடும்பக் கட்டுப்பாட்டைத் தொடங்கிய நாடு இந்தியா. உலகத்தில் அதுதான் முதல். ஆனால் திட்டம் காகிதத்தில் இருந்த அளவுக்கு ஊரில் இல்லை.

சந்திரசேகர் 1964-ல் மாநிலங்களவைக்குப் போனார். 1967-ல் இந்திரா காந்தி அமைச்சரவையில் சுகாதாரம், குடும்பக் கட்டுப்பாட்டுத் துறை அமைச்சரானார். அவர் காலத்தில்தான் சிவப்பு முக்கோணம் சுவர் சுவராக ஏறியது. 1968-ல் நிரோத் ஆணுறை மூன்று 15 பைசாவுக்குக் கடைக்கு வந்தது. பெண்களின் திருமண வயதை உயர்த்தணும் என்றும் பேசினார். அது சட்டமானது 1978-ல், 15-லிருந்து 18-ஆக.

அதே வேகத்தில் ஒரு எல்லையையும் தாண்டினார். மூன்று குழந்தைக்கு மேல் பெற்ற ஆண்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்ற யோசனையை 1967-ல் முன்வைத்தார். உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் பெரிய சர்ச்சை ஆச்சு. அன்றைக்கு அது சட்டமாகவில்லை. ஆனால் எட்டு, ஒன்பது வருஷத்தில் நெருக்கடி நிலை வந்தபோது கட்டாயக் கருத்தடை என்றால் என்ன என்று நாடு பார்த்துவிட்டது. அப்போது அவர் அமைச்சர் இல்லை. ஆனாலும் எண்ணை மட்டும் பார்த்தால் மனுஷன் மறைந்துவிடுவான் என்பதற்கு அந்த யோசனையும் ஒரு சாட்சி.

சட்டம் எப்படி வந்தது?

கருக்கலைப்பு 1860-லிருந்து இந்தியாவில் குற்றம். அன்றைக்கு இருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 312-வது பிரிவு. தாயின் உயிரைக் காப்பாற்ற என்றால் மட்டும் விலக்கு. செய்தவருக்கு மட்டுமில்லை, செய்துகொண்ட பெண்ணுக்கும் சிறை உண்டு.

தண்டனைக்குப் பயந்து யாரும் நிறுத்தவில்லை. மறைவாகச் செய்தார்கள். எருக்கங்குச்சி வைத்துக் கலைத்த கதைகள் கொங்குக் கிராமங்களிலும் உண்டு. அதில் செத்தவர்கள் பெயர் எந்தப் பதிவிலும் இல்லை, வயித்து வலி என்று எழுதியிருப்பார்கள்.

1964-ல் மத்திய அரசு ஒரு குழு போட்டது. தலைவர் மகாராஷ்டிர சுகாதார அமைச்சராக இருந்த சாந்திலால் ஷா. 1966 டிசம்பரில் குழு அறிக்கை கொடுத்தது. 50 கோடி மக்கள் இருக்கும் நாட்டில் வருஷத்துக்கு 39 லட்சம் பேர் கருவைக் கலைக்கிறார்கள், இன்னும் 26 லட்சம் தானாகக் கலையுது என்று கணக்குப் போட்டது. மறைவில் நடப்பதை மருத்துவமனைக்குள் கொண்டுவாருங்கள் என்பதுதான் அறிக்கையின் சாரம்.

அறிக்கை வந்த சில மாதத்தில் சந்திரசேகர் அமைச்சரானார். அவர் துறையில் இருக்கும்போதே, 1969-ல், மசோதா மாநிலங்களவைக்கு வந்தது. 1970-ல் அவர் பதவியிலிருந்து இறங்கினார். மசோதா 1971-ல் நிறைவேறியது. 1972 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்தது. நட்டவர் ஒருத்தர், அறுவடை நேரத்தில் களத்தில் இருந்தவர்கள் வேறு.

குறைபாடு பற்றிய வரி எங்கிருந்து வந்தது?

சட்டம் சில காரணங்களைச் சொன்னது. தாயின் உயிருக்கு ஆபத்து. அவருடைய உடல் அல்லது மன நலத்துக்குக் கடும் பாதிப்பு. பலாத்காரத்தால் உண்டான கர்ப்பம். கருத்தடைச் சாதனம் பலிக்காமல் போனது. இவற்றோடு, பிறக்கும் குழந்தைக்குக் கடுமையான உடல் அல்லது மனக் குறைபாடு வரக் கணிசமான வாய்ப்பு இருப்பதும் ஒரு காரணம்.

இந்தக் கடைசி வரி சேர்ந்ததற்குப் பின்னால் உலகச் சூழல் இருக்கு. 1950களின் கடைசியில் ஐரோப்பாவில் கர்ப்பிணிகளுக்கு மசக்கைக்குக் கொடுத்த தாலிடோமைடு மாத்திரையால் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கை கால் வளராமல் பிறந்தன. கர்ப்ப காலத்தில் ருபெல்லா அம்மை வந்தால் குழந்தையின் கண், காது, இதயம் பாதிக்கும் என்பதும் அப்போது தெரிந்திருந்தது. 1967-ல் பிரிட்டன் கொண்டுவந்த சட்டத்திலும் இதே மாதிரி வரி இருந்தது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். அந்த வரியை எழுதும்போது வயிற்றுக்குள் இருக்கும் குழந்தையைப் பார்க்க நம் ஊரில் வழியே இல்லை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் இயன் டொனால்ட் என்ற மகப்பேறு மருத்துவர், இரும்பில் விரிசல் கண்டுபிடிக்கும் கருவியை வைத்து 1958-ல் கர்ப்பப்பை ஸ்கேனுக்கு வழி திறந்திருந்தார். அவரிடம் பயின்ற ஸ்டூவர்ட் கேம்பல், தலை ஓடு உருவாகாத கருவை 17-வது வாரத்திலேயே ஸ்கேனில் கண்டுபிடித்ததாக 1972-ல் வெளியிட்டார். நம்ம சட்டம் நடைமுறைக்கு வந்த அதே வருஷம்!

அதாவது, சட்டம் முதலில் வந்தது. அதைப் பயன்படுத்த வேண்டிய கண் பிறகுதான் வந்தது. அதனால்தான் சட்டம் போட்ட 20 வார எல்லைக்கும் ஸ்கேன் நடக்கும் நேரத்துக்கும் பொருந்தாமல் போச்சு. உடல் உறுப்புகளை முழுசாகப் பார்க்கும் அனாமலி ஸ்கேன் 18-லிருந்து 20 வாரத்தில்தான் எடுக்கிறார்கள். சந்தேகம் வந்து பனிக்குட நீரை எடுத்து மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினால் முடிவு வர இரண்டு, மூன்று வாரம் ஆகலாம். அதற்குள் 20 வாரம் தாண்டிவிடும்.

2008-ல் மும்பைத் தம்பதி ஒன்று இந்தச் சுவரில் முட்டியது. குழந்தைக்கு இதயத்தில் கடுமையான பிரச்சினை என்று தெரியும்போது 20 வாரம் கடந்திருந்தது. உயர் நீதிமன்றம் அனுமதி மறுத்தது. பிறகு அந்தக் கரு தானாகவே கலைந்தது. அந்த வழக்குதான் நாடு முழுக்க விவாதத்தைக் கிளப்பியது. பல பெண்கள் வயித்தில் கருவோடு கோர்ட் படி ஏறினார்கள். 2021-ல்தான் திருத்தம் வந்தது.

சேலத்தின் இன்னொரு பக்கம்

சந்திரசேகர் கனவு கண்ட சின்னக் குடும்பம் சேலம், நாமக்கல் பக்கம் சீக்கிரமே வந்துவிட்டது. ஒன்று அல்லது இரண்டு குழந்தை போதும் என்பது தறி ஓட்டும் வீட்டிலும், கோழிப் பண்ணை வைத்த வீட்டிலும் பழக்கமாச்சு. ஆனால் அந்த ஒன்று, இரண்டில் பையன் கட்டாயம் இருக்கணும் என்ற ஆசை மாறவில்லை. விளைவு பயங்கரமானது. பெண் சிசுக்கொலைக்காக சேலம் மாவட்டத்தின் பெயர் நாடு முழுக்க அடிபட்டது. 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில்தான் தொடங்கியது. 2001 கணக்கெடுப்பில்கூட இந்த மாவட்டத்தில் ஆறு வயசுக்குட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்குச் சுமார் 850 பெண் குழந்தைகள்தான்.

பிறகு ஸ்கேன் பரவியது. பெண் சிசுவைக் கருவிலேயே அழிக்கும் கொடுமையும் கூடவே வந்தது. அதைத் தடுக்க, கருவில் பாலினம் பார்ப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 1994-ல் வந்தது. இது மிக அவசியமான சட்டம். ஆனால் இதனால் ஒரு குழப்பமும் பரவிவிட்டது. கருக்கலைப்பு என்றாலே குற்றம், ஆஸ்பத்திரியில் கேட்டாலே போலீஸ் வரும் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள்.

அப்படி இல்லீங்க. ஆணா பெண்ணா என்று பார்ப்பதும், அதை வைத்துக் கலைப்பதும் குற்றம். கடுமையான குறைபாடு காரணமாக, தகுதியான மருத்துவரிடம், அனுமதி பெற்ற மருத்துவமனையில் கர்ப்பத்தை நிறுத்துவது சட்டப்படி சரி. இரண்டையும் ஒன்றாக்கிப் பயந்து, மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி வீட்டிலேயே போட்டுக்கொள்வதுதான் உயிருக்கு ஆபத்து. ஐந்தாம் மாதத்தில் அது ரொம்ப ஆபத்து.

இன்றைக்குச் சட்டம் என்ன சொல்லுது?

20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20-லிருந்து 24 வாரத்துக்குள் என்றால் இரண்டு மருத்துவர்கள் ஒப்புக்கொள்ளணும். கருவில் கடுமையான குறைபாடு இருப்பது இந்தப் பிரிவில் வரும்.

24 வாரம் தாண்டிவிட்டால் மாநில அரசு அமைத்திருக்கும் மருத்துவ வாரியம் முடிவு செய்யணும். மகப்பேறு, குழந்தை நல, ஸ்கேன் மருத்துவர்கள் அதில் இருப்பார்கள். விண்ணப்பம் வந்த 3 நாளில் கருத்துச் சொல்லணும். அனுமதித்தால் விண்ணப்பம் கிடைத்த 5 நாளுக்குள் சிகிச்சை நடக்கணும் என்று விதி இருக்கு.

கையெழுத்து யாருடையது? 18 வயது நிரம்பிய பெண் என்றால் அவருடையது மட்டும். கணவர் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை. மாமியார், மாமனார் சம்மதமும் வேண்டாம். பேச்சுக்குக் கூட இருக்கலாம், முடிவு அவருடையது. அவர் பெயர், விவரத்தை வெளியே சொல்வதும் குற்றம்.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வருவோம். யார், எப்போ, எங்கே என்று சட்டம் சொல்லுது. எந்த முறையில் என்று அந்தப் பெண்ணுக்குச் சட்டம் சொல்வதில்லை. 1971-ல் பெரிசாகத் தேர்ந்தெடுக்க ஒன்றும் இருக்கவில்லை. ஐந்தாம் மாதம் என்றால் கர்ப்பப்பைக்குள் உப்புக் கரைசல் ஊசி, குழாய் வழியாக மருந்து, அதுவும் இல்லையென்றால் வயிற்றைக் கிழித்து ஆபரேஷன். இப்போது நிலைமை மாறியிருக்கு. தேர்வு இருக்கு. ஆனால் அதைப் பல பெண்களிடம் யாரும் விளக்குவதில்லை.

என்னென்ன முறைகள்?

முதல் மூன்று மாதத்துக்குள் தெரிந்துவிட்டால் எளிது. 9 வாரம் வரை மாத்திரை, 12 வாரம் வரை உறிஞ்சி எடுக்கும் முறை. ஆனால் பெரும்பாலான குறைபாடுகள் நான்கு, ஐந்தாம் மாதத்தில்தான் தெரியும். அப்போது முக்கியமாக இரண்டு வழி.

ஒன்று, வலி வரவழைத்துப் பிரசவிப்பது. முதலில் மிஃபெப்ரிஸ்டோன் மாத்திரை. ஒன்று அல்லது இரண்டு நாள் கழித்து மருத்துவமனையில் சேர்ந்து மிசோப்ரோஸ்டால் மாத்திரை, சில மணி நேரத்துக்கு ஒருமுறை. பிரசவ வலி மாதிரியே வலி வரும். பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாளுக்குள் முடிந்துவிடும். வலி குறைக்க ஊசி, மருந்து கேட்டு வாங்கலாம், பொறுத்துக்கொள்ளணும் என்று கட்டாயம் இல்லை. சிலருக்கு நஞ்சுக்கொடி முழுசாக வராமல், மயக்கம் கொடுத்துச் சுத்தம் செய்ய வேண்டி வரலாம்.

இதில் குழந்தை முழு உருவமாக வரும். பார்க்கணும், கையில் வாங்கணும், முறைப்படி அடக்கம் செய்யணும் என்று நினைக்கும் பெற்றோருக்கு அது முடியும். குழந்தையைப் பரிசோதித்து என்ன காரணம், அடுத்த முறையும் வருமா என்று தெரிந்துகொள்ளவும் இதுதான் நல்ல வழி. சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களுக்கு இந்தத் தகவல் ரொம்ப முக்கியம்.

இரண்டாவது, கர்ப்பப்பை வாயைத் திறந்து கருவி மூலம் எடுப்பது. மருத்துவர்கள் இதை டி அண்ட் இ என்பார்கள். சில மணி நேரம் முன்பே, சிலருக்கு முந்தின நாளே, வாயை மென்மையாக்க மருந்து வைப்பார்கள். பிறகு மயக்கம் கொடுத்து, பொதுவாக அரை மணி நேரத்துக்குள் முடிப்பார்கள். பிரசவ வலியை அனுபவிக்க வேண்டாம், மருத்துவமனையில் தங்கும் நேரமும் குறைவு. ஆனால் குழந்தை முழு உருவமாக வராது. மரபணுப் பரிசோதனை செய்யலாம், உறுப்புகளைப் பார்த்துக் காரணம் சொல்வது கஷ்டம். இதில் நல்ல பயிற்சி பெற்ற மருத்துவர் வேணும். நம்ம நாட்டில் அப்படிப்பட்டவர்கள் குறைவு. அதனால் பெரும்பாலான இடங்களில் முதல் முறைதான் கிடைக்கும்.

பயிற்சி பெற்றவர் கையில் இரண்டுமே பாதுகாப்பானவை. உலக சுகாதார நிறுவனம் இரண்டையும் ஏற்கிறது. எது சரி என்பது வாரத்தையும் உடல்நிலையையும் பொறுத்தது. அந்தப் பெண் எதைத் தாங்கிக்கொள்ள முடியும் என்று நினைக்கிறார் என்பதும் அதே அளவு முக்கியம். சிலருக்கு வலியில்லாமல் முடிந்தால் போதும். சிலருக்கு ஒரு தடவையாவது முகத்தைப் பார்க்கணும். இரண்டிலும் தப்பு இல்லை.

ஏற்கெனவே சிசேரியன் ஆகியிருந்தால் கட்டாயம் முதலிலேயே சொல்லணும். கர்ப்பப்பைத் தழும்பு விரிய சின்ன ஆபத்து இருக்கு, அதனால் மாத்திரை அளவை மாற்றுவார்கள். ரத்தம் ஏற்றும் வசதி உள்ள இடமாக இருக்கணும். 22 வாரத்துக்கு மேல் என்றால், குழந்தை உயிரோடு பிறக்காமல் இருக்க முன்கூட்டியே ஊசி போடுவது பற்றியும் மருத்துவர் பேசலாம். கேட்கவே கஷ்டமான விஷயம்தான். ஆனால் முன்னாடியே தெரிந்திருந்தால் அதிர்ச்சி குறையும்.

முடிவெடுக்கும் முன் என்ன கேட்கணும்?

ஸ்கேனில் குறை என்றாலே கலைப்பு என்று அர்த்தம் இல்லை. உதட்டுப் பிளவு, வளைபாதம், பல இதயக் கோளாறுகள் சரிசெய்யக் கூடியவை. அதனால் இன்னொரு அனுபவமுள்ள மருத்துவரிடம் மறுபடி ஸ்கேன் எடுப்பது நல்லது. குழந்தை நல மருத்துவரிடமும் பேசணும். பிறந்தால் பிழைக்குமா, எப்படி வாழும், சிகிச்சை உண்டா என்று நேராகக் கேளுங்க. எல்லாம் தெரிந்த பிறகும் கர்ப்பத்தைத் தொடரலாம் என்று முடிவெடுப்பவர்களும் உண்டு. அதுவும் அந்தப் பெண்ணின் உரிமைதான். குறைபாடு உள்ளவர்கள் வாழத் தகுதியற்றவர்கள் என்று இந்தச் சட்டத்தைப் புரிந்துகொள்ளக் கூடாது.

நிறுத்துவது என்று முடிவானால் இன்னும் நாலு கேள்வி. இங்கே எந்த முறை செய்வீங்க, எனக்கு ஏன் அது? வலிக்கு என்ன கொடுப்பீங்க? குழந்தையைப் பார்க்க முடியுமா? பரிசோதனைக்கு அனுப்புவீங்களா?

அரசு மருத்துவமனையில் கட்டணம் இல்லை. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் பக்கத்திலேயே இருக்கு. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104-க்கு போன் செய்து கேட்கலாம்.

முடிந்த பிறகு?

இரண்டு வாரம் வரை ரத்தப்போக்கு இருக்கலாம். காய்ச்சல், துர்நாற்றம், ஒரு மணி நேரத்தில் இரண்டு நாப்கின் நனையும் அளவுக்குத் தொடர்ந்து போக்கு என்றால் உடனே மருத்துவமனை. இரண்டு, மூன்று நாளில் மார்பில் பால் கட்டும். இதை முன்னாடி யாரும் சொல்லாததால் உடைந்துபோகும் பெண்கள் அதிகம். பால் நிற்க மருந்து இருக்கு, கேளுங்க.

தலை ஓடு, முதுகுத்தண்டு சம்பந்தப்பட்ட குறைபாடு என்றால், அடுத்த கர்ப்பத்துக்கு முன்பிருந்தே அதிக அளவு ஃபோலிக் அமிலம் எடுத்தால் மறுபடி வரும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். அளவை மருத்துவர் சொல்வார். அழுகை, தூக்கமின்மை, குற்ற உணர்வு எல்லாம் வரும். கணவருக்கும் வரும், ஆம்பளை அழக்கூடாது என்று அவர் லாரியில் ஏறிப் போய்விடுவார். ரெண்டு பேரும் பேசிக்கணும்.

சந்திரசேகர் பிறகு என்ன ஆனார்?

பதவியை விட்ட பிறகும் அவர் இந்த விஷயத்தை விடவில்லை. கருக்கலைப்புப் பிரச்சினை பற்றி, குறிப்பாக இந்தியாவை முன்வைத்து, 1974-ல் ஒரு புத்தகம் எழுதினார். 1970களின் நடுவில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். 1981-ல் வெளிவந்த இன்னொரு புத்தகம், அடையாறில் வாழ்ந்து மறைந்த அன்னி பெசன்ட் பற்றியது. 1877-ல் கருத்தடை நூலை வெளியிட்டதற்காக லண்டனில் வழக்கைச் சந்தித்தவர் பெசன்ட். பெண்ணின் உடம்பைப் பற்றிப் பேசுவதே ஆபாசம் என்று சொன்ன காலத்திலிருந்து தன் காலம் வரை வந்த பாதையை அவர் பின்னோக்கிப் பார்த்திருக்கிறார்.

2001 ஜூனில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் இறந்தார். வயது 82. அடுத்த வருஷம், 2002-ல், மிஃபெப்ரிஸ்டோன் மாத்திரைக்கு இந்தியாவில் அனுமதி கிடைத்தது. ஐந்தாம் மாத ஸ்கேன் சின்ன ஊர்களுக்கும் வந்து, 24 வாரத் திருத்தம் வந்ததையெல்லாம் அவர் பார்க்கவில்லை.

அவர் மக்கள்தொகையைக் குறைக்க நினைத்தார். அவர் கணக்கில் இருந்தது கோடிகள். ஆனால் அந்தச் சட்டத்தில் இருந்த ஒரு வரி இன்றைக்கு நாட்டின் மக்கள்தொகையைப் பற்றிக் கொஞ்சமும் கவலைப்படாத ஒரு பெண்ணுக்குத்தான் அதிகம் தேவைப்படுது. அவர் ஆசைப்பட்ட குழந்தை அது. வளைகாப்புக்குத் தேதிகூடக் குறித்திருப்பார்கள்.

அவருக்குச் சட்டம் ஒரு கதவைத் திறந்துவைத்திருக்கு. உள்ளே போன பிறகு எந்த வழி என்று விளக்கிச் சொல்வதும், அவர் பதில் சொல்லும் வரை காத்திருப்பதும் மருத்துவர், வீட்டார் கையில்தான் இருக்கு. உங்க வீட்டில் யாருக்காவது இந்த நிலை வந்தால், முதலில் அவரிடம் கேளுங்க. அவசரப்படுத்தாதீங்க, அதே நேரம் நாளைக் கடத்தாதீங்க. வாரக் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.